கடை யாருடையது, கணக்கு பார்ப்பது யார்? பொதுத்துறைச் சீர்திருத்தம்: ஓர் எளிய அறிமுகம்

1937 பிப்ரவரி 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் ஒரு வங்கி திறக்கப்பட்டது. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், சுருக்கமாக ஐ.ஓ.பி. ஆரம்பித்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி அரசு 14 தனியார் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது இதுவும் அரசு வங்கி ஆயிற்று. 2015 அக்டோபரில் வராக்கடன் தலைக்கு மேல் போனதால் ரிசர்வ் வங்கி இதன்மேல் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. 2021 செப்டம்பரில் அவற்றை விலக்கியது.

பொதுத்துறைச் சீர்திருத்தம் என்றால் என்ன என்று கேட்கும் புதியவருக்குக் காட்ட எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காரணம், இந்த வார்த்தையைப் பேப்பரில் பார்த்ததும் பலருக்கு 'ஓ, விற்கப் போகிறார்கள்' என்றுதான் தோன்றுகிறது. ஏர் இந்தியாவை 2022 ஜனவரியில் டாடாவிடம் கொடுத்தார்களே, அந்த மாதிரி. அதுவும் சீர்திருத்தத்தில் ஒரு வகைதான், ஆனால் சின்ன வகை. மேலே சொன்ன வங்கி அரசின் கையில் இருந்தபடியேதான் நஷ்டத்திலிருந்து லாபத்துக்குத் திரும்பியது. எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

முதலில் பொதுத்துறை என்பது எது? காரைக்குடியில் ஒரு சுற்று வந்தாலே போதும். அரசு பஸ் டிப்போ, மின்வாரிய ஆபீஸ், ரேஷன் கடை, அரசு ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். எல்லாம் பொதுத்துறைதான். (சிக்ரிக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அரசு நிறுவனம் என்றால் அரசுப் பணம் மட்டும்தான் என்பதில்லை.) இவற்றில் சில, காசு வாங்கிக்கொண்டு பொருளோ சேவையோ தருபவை: பஸ், மின்சாரம், வங்கி. மற்றவை அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவை: பட்டா கொடுப்பது, சான்றிதழ் கொடுப்பது, வரி வாங்குவது. முதல் வகையில் நஷ்டம் பெரிய தலைவலி. இரண்டாம் வகையில் தாமதமும் லஞ்சமும்.

இந்த இடங்களில் வேலை நடக்கும் விதத்தை மாற்றுவதுதான் சீர்திருத்தம். யாரை எப்படி வேலைக்கு எடுப்பது, எதை வைத்துப் பதவி உயர்வு தருவது, சாமான் வாங்குவது எப்படி, செலவுக் கணக்கை யாரிடம் காட்டுவது, வேலை நடக்காவிட்டால் யார் பதில் சொல்வது. கேட்க சலிப்பான விஷயங்கள்தான். ஆனால் மாற்றம் நடப்பதும் நடக்காமல் போவதும் இங்கேதான்.

மேலாளும் முதலாளியும்

இதில் உள்ள அடிப்படைச் சிக்கலைச் செட்டிநாட்டுக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். வட்டிக்கடை ரங்கூனில். நடுவில் கடல். அங்கே கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அப்புறம் பெட்டியடிப் பையன். மேலாள் நேர்மையாகத்தான் கடன் கொடுக்கிறாரா, வசூலை அப்படியே எழுதுகிறாரா என்று முதலாளிக்கு எப்படித் தெரியும்?

அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. சம்பளச் சீட்டு எழுதி, பொதுவாக மூன்று வருஷத் தவணைக்கு ஆளை அனுப்புவார்கள். குடும்பச் செலவுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம். கணக்கு தவறாமல் ஊருக்கு வந்துகொண்டிருக்க வேண்டும், ஐந்தொகை, அதாவது இருப்பும் பொறுப்பும் காட்டும் கணக்கு, சரியாக நிற்க வேண்டும். தவணை முடிந்து அடுத்த மேலாள் போய்ப் பொறுப்பு ஏற்கும்போது பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்க்காமல் ஏற்கமாட்டார், பார்க்காமல் விட்ட தப்பு பிறகு தன் தலையில் விழும் என்பதால். நன்றாக நடத்தியவருக்கு லாபத்தில் ஏதாவது பங்கு உண்டு, பின்னாளில் சொந்தக் கடை போடும் வாய்ப்பும் உண்டு. ஏமாற்றியவருக்கு வேறு எந்தக் கடையிலும் இடம் கிடைக்காது. செட்டியார்களின் ஒன்பது குலக்கோவில் வட்டாரத்துக்குள் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்?

பொருளாதாரப் பாடத்தில் இதை முதலாளி–முகவர் சிக்கல் என்பார்கள். ஒருவருக்காக இன்னொருவர் வேலை செய்யும்போது, வேலை செய்பவருக்குத் தெரிந்தது எல்லாம் வேலை வாங்குபவருக்குத் தெரியாது. அரசாங்கத்தில் இது பல மடங்கு. முதலாளி என்று பார்த்தால் நாம்தான். ஆனால் நமக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் நடுவில் எம்.எல்.ஏ., அமைச்சர், செயலாளர், கலெக்டர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர் என்று ஒரு வரிசை. ஒவ்வொருவரும் மேலே இருப்பவருக்கு மேலாள். நம் முறை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதுவும் பட்டா தாமதமானதற்கு ஓட்டுப் போடுவதா, ரோட்டுக்கா, சாதிக்கா, கூட்டணிக்கா? எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பட்டன்.

பழைய ஏற்பாட்டை ரொம்பவும் புகழ்ந்துவிடவும் கூடாது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கடைகளின் பெயருக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் அப்படிக் கைமாறியிருந்தது. ஐந்தொகை சரியாகவே நின்றிருக்கும். நிலம் இழந்தவனின் கணக்கு அதில் இல்லை. அரசாங்கத்தின் வேலை கஷ்டமாக இருப்பது இதனால்தான்: அதன் பேரேட்டில் கடனாளியும் இருக்க வேண்டும், ஓட்டுப் போடாதவனும் இருக்க வேண்டும். லாபம் ஒன்றை மட்டும் வைத்து அதன் வேலையை அளக்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அந்த நிலங்களை அரசுடைமை ஆக்கியது. 1963இல் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. நம்மவர்கள் பலர் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள், பர்மாவின் பொருளாதாரமும் தேறவில்லை. அதே நம்மவர்கள் கடை வைத்திருந்த சிங்கப்பூரிலும் அரசு நிறைய நிறுவனங்களைத் தன் கையில்தான் வைத்திருந்தது. ஆனால் 1974இல் டெமாசெக் என்று ஒரு முதலீட்டு நிறுவனத்தை அமைத்து, அவற்றை அதனிடம் விட்டது. அமைச்சர்கள் அன்றாட வியாபாரத்தில் தலையிடாமல் ஒதுங்கினார்கள். இரண்டு ஊரிலும் உடைமை அரசுடையதுதான். நடத்திய விதம்தான் வேறு.

பைல் ஏன் நகர்வதில்லை?

இனி தாலுகா ஆபீசுக்கு வருவோம். செட்டிநாட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரில் பட்டா. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் இரட்டை வீடு, அதாவது இரண்டு அறை. அந்த மகன்கள் யாரும் இப்போது இல்லை. அவர்களின் பிள்ளைகள், பேரன்கள் என்று பார்த்தால் பங்காளிகள் இருபது முப்பது பேர் தேறுவார்கள். பாதிப் பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும், மீதி மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா. பட்டாவில் பெயர் மாற்ற ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வெளிநாட்டில் இருப்பவரிடம் பவர் பத்திரம். நடுவில் ஒரு பங்காளி கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்பார். அது இல்லாமல் ஒரு பங்கு பிரிவினையும் நடந்ததில்லை.

இந்த மனு ஒரு வருவாய்த் துறை அலுவலரின் மேசைக்கு வருகிறது. அவர் சோம்பேறி, லஞ்சப் பேர்வழி என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு விட்டுப்போன வாரிசு ஒருவர் கோர்ட்டுக்குப் போனால், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவது இவருக்கு. ஓய்வு பெறும் மாதத்தில்கூட அது வந்து நிற்கலாம். கையெழுத்துப் போடாமல் 'இன்னும் ஒரு ஆவணம் கொண்டு வாங்க' என்று திருப்பி அனுப்பினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. செய்தால் ஆபத்து, செய்யாவிட்டால் ஆபத்து இல்லை. இப்படி ஓர் ஏற்பாட்டில் நீங்களும் நானும்கூட பைலை நகர்த்த மாட்டோம்.

'கவனிப்பது' நுழைவதும் இந்த இடைவெளியில்தான். கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1960களிலேயே இதைச் சொல்லிவிட்டது: தவறானதைச் செய்ய வைப்பதற்காக மட்டும் மக்கள் லஞ்சம் கொடுப்பதில்லை, நியாயமாக நடக்க வேண்டியதைச் சீக்கிரம் நடக்க வைப்பதற்கும் கொடுக்கிறார்கள். தாமதம்தான் விற்பனைச் சரக்கு.

அப்படியானால் நல்ல சீர்திருத்தம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்க வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010இல் கொண்டுவந்த சேவை உரிமைச் சட்டம் அந்த முயற்சிதான்: இந்தச் சான்றிதழ் இத்தனை நாளில், தராவிட்டால் அலுவலருக்கு அபராதம். பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. இன்னொரு வழி, அனுமதி என்ற கட்டத்தையே எடுத்துவிடுவது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, விதிப்படி கட்டுகிறேன் என்று நாமே சான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஆய்வு செய்பவர் மனசு வைக்க வேண்டும் என்ற கட்டமே இல்லை. விதியை மீறிக் கட்டுபவர்களைப் பிறகு பிடிப்பார்களா என்பது வேறு கேள்வி, நியாயமான கேள்விதான்.

கிராம நிர்வாகத்திலேயே ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது, இன்று பலருக்கு அது நினைவில் இல்லை. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், வரி வசூலித்த மணியக்காரர் பதவிகளின் பரம்பரை உரிமை 1968இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் நடைமுறையில் பதவி பெரும்பாலும் அதே குடும்பங்களிடம்தான் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு அந்தப் பகுதிநேரப் பதவிகளை மொத்தமாக ஒழித்தது. தேர்வாணையம் மூலம் தேர்வான முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.க்கள்) வந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் அரசின் பக்கம் தீர்ப்பானது. நிலக் கணக்கு ஊர்ப் பெரிய வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கியது ஒரு சமூகப் புரட்சி என்றே சொல்வேன். அதே நேரம், வி.ஏ.ஓ. லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட செய்தி இன்றும் பேப்பரில் அடிக்கடி வருகிறது. ஆள் யார் என்பதை மாற்றினார்கள். செய்தால் ஆபத்து, செய்யாவிட்டால் ஆபத்தில்லை என்ற ஏற்பாட்டைத் தொடவில்லை.

மாத்திரைப் பட்டையில் இருக்கும் முத்திரை

அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த நிர்வாகச் சீர்திருத்தம் இந்தப் பட்டையில்தான் இருக்கிறது. இதைப் பற்றி மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

1990களின் தொடக்கத்தில் அரசு மருந்துக் கொள்முதல் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து காலாவதியாகிக் குவிந்து கிடக்கும், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மாத்திரை இருக்காது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒரு அரசு நிறுவனம் தொடங்கினார்கள். அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, அதை மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கினார்கள். மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. மாவட்டங்களில் கிடங்குகள் வைத்து, எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். வந்த சரக்கு வெளி ஆய்வுக்கூடத்தில் சோதனையில் தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தளர்வான டப்பா மாத்திரைக்குப் பதில் பட்டை, அதில் முத்திரை. திருடி வெளியே விற்றால் கடைக்காரனே மாட்டிக்கொள்வான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒரு கணக்குப் புத்தகம். கிடங்கில் எடுக்க எடுக்க அதில் கழியும். எந்த மருந்து வேண்டும் என்பதை அங்குள்ள டாக்டர்தான் முடிவு செய்வார். மேலிடம் இரும்பு மாத்திரையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு 'வைத்துக்கொள்' என்று சொல்ல முடியாது. பேரேடு வைத்து வளர்ந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இந்த ஒரு புத்தகத்தின் அருமை சட்டென்று புரியும். கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் பின்னால் இதே மாதிரி நிறுவனங்களை ஆரம்பித்தன.

எதையும் தனியாருக்கு விற்கவில்லை, யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. எங்கே கசிகிறது என்று தேடி அந்த இடத்தை அடைத்தார்கள், அவ்வளவுதான். கவனியுங்கள், இதில் தோற்றவர்கள் சில சப்ளையர்களும் இடைத்தரகர்களும் மட்டும்தான். அவர்களுக்காகத் தெருவில் இறங்க யாரும் இல்லை. எல்லாச் சீர்திருத்தத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

நஷ்டம், ஆனால் யாருடைய நஷ்டம்?

வங்கிக்குத் திரும்புவோம். 2000களின் நடுவில் மின்நிலையம், இரும்பாலை, நெடுஞ்சாலை என்று பெரிய திட்டங்களுக்கு அரசு வங்கிகள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. பல திட்டங்கள் பாதியில் நின்றன. திருப்பிக் கட்ட முடியாதவருக்குப் புதுக் கடன் கொடுத்து, அதில் பழைய கடனைக் கட்டியதாகக் காட்டும் பழக்கம் பரவியது. 2015இல், ரகுராம் ராஜன் கவர்னராக இருந்தபோது, ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளின் பெரிய கடன்களையும் உள்ளே போய்ப் பார்த்தது. வராது என்று தெரிந்ததை வராக்கடன் என்றே எழுத வைத்தது.

ஐ.ஓ.பி.யில் 2018 மார்ச்சில் மொத்தக் கடனில் கால் பங்கு வராக்கடன் என்று தெரிய வந்தது. 2019-20இல் மட்டும் நஷ்டம் 8,500 கோடிக்கு மேல். நஷ்டம் அந்த வருஷம் முளைத்ததல்ல, அந்த வருஷம் வெளியே தெரிந்தது. புதிதாகப் பெரிய கடன் கொடுக்கவும் கிளைகளைப் பெருக்கவும் கட்டுப்பாடு. மத்திய அரசு வரிப்பணத்திலிருந்து மூலதனம் போட்டது. 2016இல் வந்த திவால் சட்டம், கடன் கட்டாத முதலாளியின் கையிலிருந்து கம்பெனியையே எடுக்க வழி செய்தது. 2020-21இல் 831 கோடி லாபம், 2024-25இல் 3,300 கோடிக்கு மேல். உண்மையான கணக்கு எழுதத் துணிந்த பிறகு மீள ஆறு வருஷம் ஆனது. செலவு நம்முடையது.

பஸ் கதை இவ்வளவு நேரடியானதல்ல. 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 பைசா நஷ்டம் என்றது. மின்சாரத்தில் யூனிட்டுக்கு 2 ரூபாய் 36 பைசா. உடனே 'ஊழியர்கள் ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை, தனியாரிடம் கொடு' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டீசல் விலையை நிர்ணயிப்பது போக்குவரத்துக் கழகமல்ல. டிக்கெட் விலையை அரசு நிர்ணயிக்கிறது, 2011க்குப் பிறகு 2018இல்தான் ஏற்றினார்கள். பத்துப் பேர் மட்டும் ஏறும் கிராமத்துக்கும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வண்டி போக வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காரைக்குடிக்குக் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தினமும் வந்து போகும் பெண்களுக்கு அதனால் மாதாமாதம் மிஞ்சும் பணம் சின்னத் தொகை இல்லை.

அந்தப் பணத்தைக் கழகத்தின் நஷ்டம் என்று எழுதுவதா, அரசின் சமூகச் செலவு என்று எழுதுவதா? இரண்டாவதுதான் நியாயம். கிராம வண்டிக்கும் இலவசப் பயணத்துக்கும் ஆகும் செலவை அரசு கணக்குப் போட்டு ஒழுங்காகக் கழகத்திடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற நஷ்டம் இருக்கிறதே, அதுதான் நிர்வாகத்தின் நஷ்டம். அதற்குத்தான் அவர்களைக் கேள்வி கேட்க முடியும். இரண்டும் கலந்து கிடக்கும் வரை ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டித் தப்பித்துக்கொள்வார்கள்.

பெயர்ப்பலகையை மாற்றுவது சுலபமான வேலை. காரைக்குடியைத் தலைமையிடமாக வைத்து 1983இல் தொடங்கியது மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம். 1997இல் தலைவர்கள் பெயர் எல்லாம் நீங்கி அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றாயிற்று. இன்று கும்பகோணம் கோட்டத்தில் நாம் ஒரு மண்டலம். மின்வாரியத்தையும் 2010இல் பிரித்தார்கள், 2024இல் மறுபடி பிரித்தார்கள். கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டி நின்றது. பிரிப்பது தவறில்லை. உற்பத்திச் செலவு எவ்வளவு, வழியில் இழப்பு எவ்வளவு, இலவசம் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிய அது உதவும். தெரிந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

யார் எதிர்ப்பார்கள், யார் ஆதரிப்பார்கள்?

வளரும் நாட்டில் சீர்திருத்தம் தள்ளாடுவதற்கு அரசியலில் ஒரு சாதாரணக் காரணம் உண்டு. இழப்பவர்கள் குறைவான பேர், ஆனால் யார் என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும், சங்கம் வைத்திருப்பார்கள். பெறுபவர்கள் கோடிப் பேர், ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும், அதுவும் நாலு வருஷம் கழித்து. எந்தப் பக்கம் சத்தம் அதிகமாக இருக்கும்?

2003இல் தமிழ்நாட்டில் இதன் உச்சத்தைப் பார்த்தோம். நிதி நெருக்கடியில் ஜெயலலிதா அரசு தன் ஊழியர்களின் சில சலுகைகளைக் குறைத்தது. 2003 ஏப்ரல் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றது. ஜூலையில் வேலைநிறுத்தம். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே வீச்சில் பணிநீக்கம். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் சொன்னது. பெரும்பாலானோர் மறுபடி வேலையில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஆளுங்கட்சி கூட்டணி இழந்தது. சில நாட்களிலேயே ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளும் இன்னும் பல முடிவுகளும் வாபஸ். தேர்தல் தோல்விக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் வந்த எந்த ஆட்சியும் ஊழியர்களிடம் அந்த மாதிரி மோதவில்லை.

ஊழியர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அரசாங்கத்தில் தேவைக்கு மேல் ஆள் இருக்கிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் இந்தியாவில் அரசு ஊழியர் எண்ணிக்கை பணக்கார நாடுகளைவிடக் குறைவு. ஒரு வி.ஏ.ஓ. தன் கிராமத்தோடு பக்கத்துக் கிராமத்தையும் 'கூடுதல் பொறுப்பு' என்று சுமந்துகொண்டு, தேர்தல் வேலை, வெள்ளச் சேதக் கணக்கு, முகாம் என்று ஓடிக்கொண்டிருப்பார். மேசைகள் நிரம்பியிருக்கும் இடம் வேறு, ஆள் தேவைப்படும் இடம் வேறு. ஆட்குறைப்பு என்று வெளிநாட்டு ஆலோசகர்கள் எழுதிக் கொடுத்த திட்டத்தை அப்படியே கடைப்பிடித்த நாடுகள் சிலவற்றில் நர்சும் வாத்தியாரும்தான் முதலில் குறைந்தார்கள்.

ஓ.டி.பி. யார் போனுக்கு வரும்?

வாய்ப்புகள் என்று எடுத்தால் பெரியது தொழில்நுட்பம்தான். வில்லங்கம் பார்க்கப் பதிவு ஆபீசில் காத்திருந்த காலம் போய், வீட்டிலிருந்தே பார்க்கிறோம். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் இணையத்தில். 2017இல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்த பிறகு, சரக்கு வாங்கியதும் போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. வாங்காத பருப்பை வாங்கியதாக எழுதினால் தெரிந்துவிடும். இதுவும் ஒரு விதத்தில் மேலாள் ஊருக்கு அனுப்பும் கணக்குதான்.

ஆனால் செட்டிநாட்டில் இதற்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. அறுபது எழுபது அறை உள்ள வீட்டில் ஒரு வயசாளி மட்டும் இருப்பார். இ-சேவை மையத்தில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"ஆச்சி, ஓ.டி.பி. வந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்க."

"அது மகன் நம்பர்ல சேர்த்தது தம்பி. அவன் சிங்கப்பூர்ல இருக்கான். இப்ப ஆபீஸ்ல இருப்பான், எடுக்க மாட்டான்."

"அப்ப நாளைக்கு வாங்க ஆச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல சர்வரும் போயிரும்."

கைரேகை தேய்ந்துபோய் மெஷின் ஏற்காதது இன்னொரு பாடு. மென்பொருள் எழுதியவருக்கு இந்த ஆச்சியைத் தெரியாது. ஒரு நல்ல கிளார்க் விதிக்குள்ளேயே ஏதாவது வழி கண்டுபிடிப்பார், திரைக்கு அது தெரியாது. கணினிமயம் என்றால் பழைய பத்துக் கட்ட நடைமுறையை அப்படியே திரைக்கு மாற்றுவது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பத்தில் ஆறு கட்டம் எதற்கு என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். வில்லங்கம் பார்ப்பது சுலபமானது, நடுவில் ஒருவர் மனசு வைக்க வேண்டிய தேவை இல்லாமல் போனதால். உட்பிரிவு பட்டாவுக்கு ஆன்லைனில் மனுப் போட்டாலும் சர்வேயர் நேரில் வந்து சங்கிலி பிடித்தாக வேண்டும். சர்வேயர்களின் எண்ணிக்கை கூடாமல் இணையதளம் மட்டும் வேகமானால் வரிசை கம்ப்யூட்டருக்குள் நிற்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வாய்ப்பு நம் வாசலிலேயே இருக்கிறது. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆயிற்று. நகராட்சியாக இருந்ததைவிடப் பெரிய திட்டங்களுக்கு நிதி கேட்கலாம், கூடுதல் அதிகாரிகளையும் பொறியாளர்களையும் கேட்கலாம். சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கோ வீட்டு வரி ஏறும், ஊரக வேலைத் திட்டம் போய்விடும் என்ற பயம். தமிழ்நாட்டில் எங்கே ஊராட்சியை நகரத்தோடு சேர்த்தாலும் எழும் குரல் இது, அதில் நியாயமும் இருக்கிறது. வரி இன்று வரும், பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்வதில்லை.

பலகை மாறியதற்கு மேல் ஏதாவது மாறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவருக்கு இரண்டு வழி இருக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு நகர்ப்புற வார்டுகளுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று விதிகள் கொண்டுவந்தது. கிராம சபை போலவே வார்டு மக்கள் கூடிக் கேள்வி கேட்கும் இடம் அது. கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு வையுங்கள். இன்னொன்று 2005இன் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, காலியிடம் எத்தனை, சென்ற ஆண்டு வந்த மனுக்கள் எத்தனை, அவற்றில் எத்தனை எத்தனை நாளில் முடிந்தன என்று பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். குறித்த காலத்தில் தராவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அவருக்கு அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.